கல்லூரி மெஷின் ஷாப்பில் ப்ராஜெக்ட் பாகம் செய்யப் போகிறவர்களுக்கு

கடைசி வருட ப்ராஜெக்ட்டின் இரண்டாவது ரிவ்யூ நெருங்கும்போதுதான் மெஷின் ஷாப் வாசலில் கூட்டம் சேரும். அதுவரை லேப்டாப் திரையில் சுழன்றுகொண்டிருந்த பாகம் இனி இரும்பில் வந்தாக வேண்டும். அந்த நேரத்தில் தட்டுப்பாடு மெஷினுக்கு இல்லை. மெஷின் சும்மா இருக்கும் நேரத்துக்கும், பக்கத்தில் நின்று பார்க்க ஓர் ஆளுக்கும்தான். காலையிலும் மதியத்திலும் ஜூனியர்களின் லேப் பேட்ச் ஓடும். ப்ராஜெக்ட்காரர்களுக்கு மிஞ்சுவது சாயங்காலம், சனிக்கிழமை, செமஸ்டர் விடுமுறை. முக்கால்வாசி வேலையை வெளியிலேயே முடித்துவிட்டு உள்ளே வருகிறவர்களுக்கு அந்த நேரம் தாராளம். மற்றவர்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது.

வெளியில் முடிக்க வேண்டியதில் முதலாவது டிராயிங். ஷாப்பின் டெக்னீஷியன் அண்ணனிடம் போனில் 3டி மாடலைக் காட்டி "அண்ணா, இது மாதிரி வேணும்" என்றால் அவர் உங்களை உட்கார வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். ஏ4 தாளில் அளவு போட்ட டிராயிங் இரண்டு பிரதி வேண்டும்: மெஷின் மேல் எண்ணெய் பட ஒன்று, ஃபைலில் ஒன்று. நம் ஊரில் டிராயிங் படிப்பது ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறையில், அதாவது வலப்பக்கத் தோற்றத்தை முன்தோற்றத்துக்கு இடப்பக்கம் வரையும் முறையில். பல கேட் மென்பொருள்களில் டெம்ப்ளேட் இதற்கு நேர்மாறான தேர்ட் ஆங்கிளில் வரும். இதைக் கவனிக்காமல் அச்சிட்டால், இடப்பக்கம் வர வேண்டிய ஓட்டை வலப்பக்கம் வந்து, கண்ணாடியில் பார்த்த மாதிரி பாகம் கிடைக்கும். டைட்டில் பிளாக்கில் ஆங்கிள் குறியைப் போட்டு, அண்ணனிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள்.

அடுத்து டாலரன்ஸ், அதாவது அளவில் எவ்வளவு ஏற்ற இறக்கம் அனுமதி என்பது. எல்லா அளவுக்கும் பிளஸ் மைனஸ் 0.01 மி.மீ. போடுவது கேட் திரையில் இலவசம், மெஷினில் இல்லை. எதனோடும் பொருந்தாத முகங்களுக்குப் பொது டாலரன்ஸே போதும். ஐ.எஸ்.ஓ. 2768-ல் மீடியம் வகுப்பு என்றால் 6 முதல் 30 மி.மீ. வரை 0.2, 30 முதல் 120 வரை 0.3 இருபக்கமும் அனுமதி. வெர்னியரை வைத்துக்கொண்டே அந்த வேலை முடிந்துவிடும். பேரிங் உட்காரும் இடம், பாகங்களை இடம் மாறாமல் நிறுத்தும் டவல் பின் ஓட்டை, ஷாஃப்ட்டும் புஷ்ஷும் சந்திக்கும் இடம் என்று மூன்று நான்கு அளவுகளுக்கு மட்டும் இறுக்கமான எண் போடுங்கள். எது முக்கியம் என்று அண்ணனுக்கும் அப்போதுதான் தெரியும்.

வடிவமைப்பிலேயே மெஷினை நினைத்துக்கொள்ள வேண்டும். பாக்கெட்டின், அதாவது பாகத்தில் குடையும் பள்ளத்தின், உள்மூலை கூர்மையாக வராது. அதை வெட்டும் எண்ட் மில் என்ற கட்டர் உருண்டை, அதன் ஆரம் அங்கே தங்கும். 10 மி.மீ. எண்ட் மில் என்றால் மூலைக்கு 5 போடாமல் 5.5 அல்லது 6 போடுங்கள். சரியாக 5 போட்டால் கட்டர் மூலையில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுந்திக் கிடுகிடுவென்று ஆடும், அந்த வரி பாகத்தில் பதியும். 7.3 மி.மீ. ஓட்டை என்று எழுதினால் ஸ்டோர்ஸில் அந்த ட்ரில் இருக்கிறதா என்று ஒரு முறை கேளுங்கள். எம்6 போல்ட் நுழைய 6.6, எம்8-க்கு 9 என்று வழக்கமான அளவுகளையே வைத்தால் யாருக்கும் தலைவலி இல்லை.

மெட்டீரியல் வாங்குவதில்தான் பலருக்குக் கை சுடும். எடைக்குத்தான் விற்பார்கள், கணக்கு எளிது: இரும்பு ராடு என்றால் விட்டத்தை மி.மீ.யில் வர்க்கம் எடுத்து 0.00617-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 25 மி.மீ. ராடு மீட்டருக்கு 3.85 கிலோ. அலுமினியத்துக்கு 0.00212, 70 மி.மீ. ராடு மீட்டருக்கு 10.4 கிலோ. கடையில் வெறுமனே "அலுமினியம் ராடு" என்று கேட்டால் மெத்தென்ற வகை கைக்கு வரும், கடையும்போது டூல் நுனியில் ஒட்டிக்கொண்டு முகத்தைக் கிழிக்கும். 6061 அல்லது 6082 என்று அலாய் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். 6082-ஐச் சில கடைகளில் எச்.இ.30 என்பார்கள். ஷாஃப்ட்டுக்கு இ.என்.8 என்ற ஸ்டீல் வகை போதும். இ.என்.24 பெரும்பாலும் ஏற்கெனவே ஹீட் ட்ரீட் செய்தே வரும், எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் அதில் திணறும்.

காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கும் பழைய ஷாஃப்ட்டைக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. தப்பில்லை, ஆனால் முதலில் ஓர் அரத்தால் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். அரம் கடித்தால் கடையலாம். வழுக்கிக்கொண்டு போனால் மேல்தோல் கடினப்படுத்தப்பட்டது, லேத்தில் மாட்டாதீர்கள். பிரைட் பாரிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. குளிர்நிலையில் இழுத்துச் செய்ததால் உள்ளே இறுக்கம் தங்கியிருக்கும். நீளமான ஷாஃப்ட்டில் ஒரு பக்கம் மட்டும் கீ வே (கீ உட்காரும் நீளப் பள்ளம்) வெட்டினால் அந்த இறுக்கம் ஒரு பக்கம் விடுபட்டு ஷாஃப்ட் வளையும். கீ வே போட்ட பிறகு ஃபினிஷிங் வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினை இல்லை.

ஷாப்புக்குள் வரும்போது ஷூ, கண்ணாடி, கோட் எல்லாரும் சொல்வதுதான். எல்லாரும் மறப்பது கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு. கல்லூரி முழுக்கக் கட்டாயம் என்பதால் உடம்போடு ஒட்டியே இருக்கும். லேத் முன்னால் குனியும்போது, ஜாப்பை (கடையும் பாகத்தை) பிடித்துச் சுழலும் சக் இருக்கும் பக்கம் தொங்குவது அதுதான். கழற்றிப் பாக்கெட்டில் போடுங்கள். கையில் கட்டிய சாமிக் கயிறு, மோதிரம், வாட்ச், வளையல், துப்பட்டா எதுவும் வேண்டாம்; நீளமான முடியை முடிந்து கோட்டுக்குள் விடுங்கள். முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடியுங்கள். சுழலும் மெஷினில் கையுறை போடவே கூடாது. சுற்றிக்கொண்டிருக்கும் ஜாப்பைப் பனியன் வேஸ்ட்டால் துடைப்பதும் அதே ரகம்: துணியை மெஷின் பிடித்தால் விரலையும் சேர்த்தே இழுக்கும். சக் சாவியைப் பொறுத்தவரை ஒரே பழக்கம்தான்: சாவி சக்கில் இருக்கும்வரை கை சாவியில் இருக்க வேண்டும். கை எடுக்கும்போது சாவியும் வெளியே வர வேண்டும்.

இனி லேத். ஒரு பாகத்தை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்பது நல்லது. ப்ராஜெக்ட்களில் அதிகம் வருவது பேரிங் ஹவுசிங், அதாவது பேரிங் உட்காரும் கூடு. 6204 பேரிங் என்று வைத்துக்கொள்வோம்: உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14. ஹவுசிங் 6061 அலுமினியத்தில், வெளிவிட்டம் 66, நீளம் 24, நடுவில் 40 மி.மீ. துளை ஊடுருவிப் போகிறது, ஒரு பக்கம் 47-க்கு 14 ஆழத்தில் பேரிங் இருக்கை. அந்த 40 என்பது கண்ணை மூடிக்கொண்டு போட்ட எண் அல்ல. பேரிங்கின் வெளி வளையம் மட்டும் தோளில், அதாவது இருக்கையும் துளையும் சேரும் படியில், உட்கார வேண்டும். துளை 30-க்குக் கீழே போனால் தோள் உள் வளையத்தில் உரசும், 42-ஐத் தாண்டினால் வெளி வளையத்துக்குப் பிடிமானம் குறையும்.

70 மி.மீ. ராடில் 40 நீளத்துக்கு வெட்டுங்கள். 24 மி.மீ. பாகத்துக்கு 16 வீண் என்று தோன்றும். அந்த மிச்சத்தைத்தான் சக் பிடிக்கப் போகிறது. 12 மி.மீ. பிடித்து 28 வெளியே நீட்டினால் ஃபேசிங் (முன்முகத்தைச் சமமாக்குவது), வெளிவிட்டம், 40 துளை, 47 இருக்கை எல்லாம் ஒரே பிடிப்பில் முடியும். ஜாப்பைக் கழற்றாமல் கடைந்த முகங்கள் எல்லாம் தாமாகவே ஒரே மையத்தில் இருக்கும். கழற்றித் திருப்பி மாட்டினால், தேய்ந்த மூன்று தாடைச் சக்கில் 0.1 மி.மீ. வரை மையம் விலகுவது சாதாரணம். பேரிங் இருக்கையை ஒரு பிடிப்பிலும் வெளிவிட்டத்தை இன்னொன்றிலும் கடைந்துவிட்டு, "அசெம்பிளியில் ஷாஃப்ட் இறுகுது சார்" என்று வந்து நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

டூல் நுனி சரியாக மைய உயரத்தில் இருக்க வேண்டும். லேத்தின் மறுமுனையில் இருக்கும் டெயில் ஸ்டாக்கில் சென்டரைப் (கூர்முனைத் தாங்கி) போட்டு அதன் முனைக்கு நேராக வையுங்கள். உயரம் போதாவிட்டால் உடைந்த ஹேக்ஸா பிளேடுத் துண்டுகளை அடியில் செருகலாம், எந்த ஷாப்பிலும் அது ஒரு டப்பா நிறைய இருக்கும். ஃபேசிங் முடிந்ததும் நடுவைப் பாருங்கள். சிறு குமிழ் மிஞ்சினால் உயரம் சரியில்லை.

ஆர்.பி.எம். கணக்குக்கு, வெட்டு வேகத்தை 320-ஆல் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் போதும். எச்.எஸ்.எஸ். டூலுக்கு மைல்ட் ஸ்டீலில் நிமிடத்துக்கு 25 முதல் 30 மீட்டர், அலுமினியத்தில் 60 முதல் 90, வார்ப்பிரும்பில் 20, ஸ்டெயின்லெஸ்ஸில் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 மி.மீ. மைல்ட் ஸ்டீல் ராடுக்கு 30 மீட்டர் என்றால் 384 வரும்; கியரில் அதற்குக் கீழே எது இருக்கிறதோ அது. நம் 47 மி.மீ. போரிங்குக்கு (துளையை உள்ளே கடைந்து பெரிதாக்குவது) 500 அளவில் வையுங்கள். கியர் லிவரை மெஷின் முழுதாக நின்ற பிறகே மாற்ற வேண்டும். ஓடும்போது மாற்றினால் பல் தெறிக்கும் சத்தம் ஷாப் முழுக்கக் கேட்கும், அதோடு உங்கள் நேரமும் முடிந்தது.

சென்டர் ட்ரில், பிறகு 10, பிறகு 25 என்று துளை போட்டுவிட்டுப் போரிங் பாருக்கு மாறுங்கள். நுழையக்கூடியதில் தடிமனான பாரை எடுத்து, தேவைக்கு மேல் நீட்டாமல் பிடியுங்கள். ஸ்டீல் பார் தன் விட்டத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் நீண்டால் அதிர ஆரம்பிக்கும். அலுமினியத்துக்குச் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டால் டூலில் ஒட்டாது. சுருள் நீளமாக வந்து சக்கில் சுற்றினால் மெஷினை நிறுத்திக் கொக்கியால் எடுங்கள், கையால் வேண்டாம்.

டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் டயலை முதலில் நம்பாதீர்கள். சில லேத்தில் ஒரு கோடு டூல் நகர்ந்த தூரத்தைக் காட்டும், 0.05 தள்ளினால் விட்டத்தில் 0.1 மாறும். சிலவற்றில் கோடே விட்டக் கணக்கில் இருக்கும். ஒரு துண்டில் கடைந்து அளந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இப்போது முக்கியமான இடம். ஷாஃப்ட் சுழல, ஹவுசிங் நிற்கும் அமைப்புக்கு இருக்கையின் டாலரன்ஸ் வகுப்பு எச்7: 47.000 முதல் 47.025 வரை. நடுவில், 47.010-ஐக் குறிவையுங்கள். 46.7 வரை ரஃப்பாக எடுத்துவிட்டு நிறுத்துங்கள். ஜாப் சூடாக இருக்கும், ஆற விடுங்கள். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும், 47 மி.மீ. துளை 15 டிகிரி சூடாக இருந்தால் 0.016 பெரிதாகக் காட்டும். மொத்த அனுமதியே 0.025 என்னும்போது பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். சூட்டில் அளந்து "சரியாக வந்துவிட்டது" என்று கழற்றியவர்களின் ஹவுசிங் மறுநாள் பேரிங்கை உள்ளே விடாது.

ஆறிய பிறகு மிச்சமிருக்கும் 0.31-ஐ ஏறக்குறைய சமமான இரண்டு வெட்டாகப் பிரியுங்கள். முதல் வெட்டுக்கு 0.16. அளந்து பார்த்தால் 46.86 வராமல் 46.84 வரலாம். பார் வளைந்துகொடுத்ததும் டயல் பிழையும் சேர்ந்து 0.02 குறைகிறது என்று பொருள். அடுத்த வெட்டு கிட்டத்தட்ட அதே ஆழம் என்பதால் வளைவும் அதே அளவுதான் இருக்கும், குறைந்த 0.02-ஐச் சேர்த்து டயலை வைத்தால் 47.01-ல் போய் நிற்கும். இதை விட்டுவிட்டு 0.28 எடுத்து, கடைசியில் 0.03 மட்டும் சுரண்டப் பார்த்தால் டூல் வெட்டாமல் தேய்க்கும், அளவு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபினிஷிங்குக்கு முன் சக்கைச் சற்றுத் தளர்த்தி மிதமாக இறுக்குவதும் நல்லது, பிறகு ஜாப் மையம் விலகிச் சுற்றுகிறதா என்று டயல் இண்டிகேட்டரில் சரிபாருங்கள். முழு பலத்தில் இறுக்கிய வளையத்தில் உருண்டையாகக் கடைந்த துளை, தாடைகள் விட்டதும் லேசாக மூன்று மூலையாகிவிடும்.

அளக்க வெர்னியர் ஆகாது. அதன் நுட்பமே 0.02. துளைக்குள் விரிந்து அளவைப் பிடிக்கும் டெலிஸ்கோப்பிக் கேஜை உள்ளே விட்டு, அதை 25 முதல் 50 மி.மீ. வரை அளக்கும் மைக்ரோமீட்டர் கருவியில் அளங்கள். குறைந்தது மூன்று முறை, இரண்டு திசையில். போர் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. மைக்ரோமீட்டரின் பூஜ்யத்தை மாஸ்டர் ராடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், லேப் பேட்ச் கைகளில் அது படாத பாடு பட்டிருக்கும். டூல் நுனி ஆரம் 0.4 இருக்கட்டும். மூலையில் ஆரம் 1 மி.மீ.யைத் தாண்டினால் பேரிங் தோளில் உட்காராமல் வளைவில் ஏறி நிற்கும்.

முடிந்ததும் திருப்பி, தாடைகளுக்கு அடியில் தாமிரத் தகடு வைத்து 66-ல் பிடித்து, பின்பக்க மிச்சத்தை எடுத்து 24-க்குக் கொண்டுவாருங்கள். பேரிங்கை ஏற்றும்போது ஹவுசிங்குக்குள் என்றால் வெளி வளையத்தை மட்டும், ஷாஃப்ட்டில் என்றால் உள் வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். மாற்றி அழுத்தினால் பலம் குண்டுகள் வழியாகப் போய்ப் பாதையில் பள்ளம் விழும். சுற்றிப் பார்த்தால் கரகரவென்று இருக்கும்.

வாகனம் செய்யும் ப்ராஜெக்ட் அணிகள் கவனிக்க: சக்கர ஹப்பில் ஆக்ஸில் நின்று ஹப் சுற்றினால் கணக்கு தலைகீழ். சுமையோடு சுற்றுவது வெளி வளையம், எனவே இறுக்கம் ஹவுசிங்கில் வேண்டும்: என்7, அதாவது 46.967 முதல் 46.992. ஷாஃப்ட் 20-க்கு ஜி6, தளர்வாக. சாதாரண எச்7-ஐயே ஹப்பிலும் போட்டால் பேரிங் இருக்கையில் மெல்ல நழுவிச் சுற்றி அலுமினியத்தை அரித்துவிடும். என்7-ல் தட்டி ஏற்ற வேண்டாம். ஹப்பை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் துளை 0.07-க்கு மேல் விரிந்து பேரிங் தானாக இறங்கும்.

நீண்ட ஷாஃப்ட் கடையும்போது இரு முனையிலும் விட்டம் ஒன்றாக வராது. பழைய கல்லூரிகளில் எச்.எம்.டி. லேத்கள் இன்னும் உழைக்கின்றன. அவற்றின் பெட் அதிகம் தேய்ந்திருப்பது சக்கை ஒட்டிய பகுதியில்தான். சென்டர்களுக்கு நடுவே பிடித்து லேசாக ஒரு வெட்டு எடுத்து இரு முனையையும் அளங்கள். டெயில் ஸ்டாக் பக்கம் 0.06 அதிகமென்றால் டெயில் ஸ்டாக்கை உங்களை நோக்கி 0.03 நகர்த்த வேண்டும். அதை நீங்களாகச் செய்யாமல் அண்ணனிடம் சொல்லிச் செய்யுங்கள், முடிந்ததும் பழைய இடத்துக்குத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பேட்ச் முழுக்கக் கூம்பாகக் கடைந்துகொண்டிருக்கும்.

மில்லிங்கில் ஒரு கட்டையைச் சதுரமாக்குவதே பாதி வேலை. மெஷின் வைஸின் நகராத தாடைதான் நம்பகமானது. முதலில் ஒரு முகத்தை வெட்டி, அந்த முகத்தை நகராத தாடையில் சாத்தி, நகரும் தாடைக்கும் ஜாப்புக்கும் நடுவே ஒரு உருண்டைக் கம்பியை வைத்து இறுக்குங்கள். கம்பி இல்லாமல் இறுக்கினால் எதிர்ப்பக்கத்துச் சாய்வான முகம் ஜாப்பைத் திருப்பிவிடும். அடுத்த முகம் 90 டிகிரியில் வராது. பழைய மெஷினின் ஸ்க்ரூவில் பேக்லாஷ் (திசை மாற்றும்போது வரும் தளர்ச்சி) இருப்பதால் கட்டர் சுழற்சிக்கு எதிராகவே ஜாப்பை ஊட்ட வேண்டும். கூடவே ஊட்டினால் கட்டர் டேபிளை இழுத்துக்கொண்டு ஓடி உடையும். டயலில் ஓர் எண்ணைத் தாண்டிவிட்டால் அரைச் சுற்று பின்னால் போய் மறுபடி அதே திசையில் வாருங்கள். 10 மி.மீ. எச்.எஸ்.எஸ். எண்ட் மில்லுக்கு மைல்ட் ஸ்டீலில் 800 ஆர்.பி.எம். கட்டரைப் பிடிக்கும் காலெட் தேய்ந்திருந்தால் எண்ட் மில் மெல்லக் கீழே இறங்கும், பள்ளம் போகப் போக ஆழமாவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

ஓட்டைக்குள் மரை வெட்டும் டேப் உடைவதற்கு அவசரம்தான் பெரும்பாலும் காரணம், அல்லது தவறான ட்ரில். எம்4-க்கு 3.3, எம்5-க்கு 4.2, எம்6-க்கு 5, எம்8-க்கு 6.8, எம்10-க்கு 8.5. ஓட்டை போட்ட ட்ரில்லிங் மெஷினிலேயே, பவரை அணைத்து, ட்ரில் சக்கில் ஒரு முனைக்கம்பியைப் பிடித்து டேப் ரெஞ்சின் தலையில் அழுத்தினால் டேப் நேராக இறங்கும். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். அடி மூடிய ஓட்டையில் மரை ஆழத்தைவிட ஐந்து பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி) அதிகமாகத் துளை போடுங்கள், எம்8 என்றால் 6 மி.மீ. கூடுதல், சுருள் போய்ச் சேர இடம் வேண்டுமே. அலுமினியத்தில் உடைந்துபோனால் சூடான படிகாரக் கரைசலில் ஊற வைத்து டேப்பைக் கரைக்கிற வழி உண்டு, மணிக்கணக்கில் ஆகும். இரும்பில் உடைந்தால் அதுவும் கிடையாது. உடைந்ததை மறைத்து ஸ்டோர்ஸில் திருப்பிக் கொடுக்காதீர்கள். செட்டில் ஒன்று குறைந்தால் அன்றைக்கே தெரியும், அடுத்த இண்டென்ட்டில் (பொருள் கேட்டு எழுதும் சீட்டு) கையெழுத்து விழாது.

வேலை முடிந்தால் சுருளைப் பிரஷ்ஷால் தள்ளுங்கள். காற்றடித்தால் துகள் ஸ்லைடுகளுக்கு அடியிலும் பக்கத்து ஆளின் கண்ணிலும் போகும். லேத்தின் பெட்டைத் துடைத்து 68 கிரேடு ஆயில் ஒரு பூச்சு.

எல்லாவற்றையும் கல்லூரியிலேயே செய்ய முடியாது. ஹப்பின் உள் கீ வே, கியர் பல், ஹீட் ட்ரீட்மென்ட், வயர் கட் (மின்பொறி விடும் கம்பியால் வெட்டுவது) எல்லாம் வெளி வேலை: சென்னையில் அம்பத்தூர், கிண்டி, கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் கேட்டால் ஆள் சொல்வார்கள். 20 மி.மீ. ஷாஃப்ட்டுக்குக் கீ 6-க்கு 6, ஷாஃப்ட்டில் ஆழம் 3.5, ஹப்பில் 2.8, டிராயிங்கோடு ஷாஃப்ட்டையும் கீயையும் கையிலேயே கொண்டுபோங்கள், அங்கேயே நுழைத்துப் பார்த்து வாங்கலாம். கடினப்படுத்த வேண்டிய பாகம் என்றால் முதலில் ஹீட் ட்ரீட்மென்ட், பிறகு வயர் கட். உள்பக்கம் வெட்ட வேண்டிய இடத்தில் கம்பி நுழைய 3 மி.மீ. ஓட்டையை ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். கடினமான பிறகு சாதாரண ட்ரில் அதில் இறங்காது.